ஒரே முகவரி, பல காம்பராக்கள்: கணினி வலையமைப்பின் அடிப்படைகள்

மலையகத் தோட்டமொன்றுக்கு வரும் கடித உறையை எடுத்துப் பாருங்கள். பெறுபவரின் பெயர், டிவிஷன், தோட்டத்தின் பெயர், தபாலகம் இருக்கும் நகரம் ஆகியவை அதில் இருக்கும். வீட்டிலக்கமும் வீதியின் பெயரும் பெரும்பாலும் இருக்கமாட்டா. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ஒரே முகவரிதான். கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் மூலமாகவோ லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போய்ச் சேரும். சில வேளைகளில் அதே பெயருடைய வேறொருவரின் காம்பராவுக்கும், அதாவது லயத்தில் ஒரு குடும்பம் வாழும் அறைக்கும், போய்விடும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம், தேர்வு நடந்து முடிந்த பிறகு கையில் கிடைத்த அனுபவம் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு. மாலை வகுப்புகளில் கணினிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான், வலையமைப்பு என்ற அலகை எப்போதும் இந்தக் கடித உறையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு செய்தி உரியவரிடம் போய்ச் சேர முகவரி எவ்வளவு இன்றியமையாதது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வலையமைப்புப் பாடத்தில் பாதி அதுவேதான்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகள் ஒன்றுக்கொன்று தரவுகளைப் பரிமாறிக்கொள்ளக்கூடியவாறு இணைக்கப்பட்டிருந்தால் அது ஒரு வலையமைப்பு. ஒரு தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் தங்கையின் தொலைபேசி இணைந்திருப்பதும் வலையமைப்புத்தான். பாடசாலைக் கணினி அறையில் இருபது கணினிகள் கம்பிகளால் ஒரே பெட்டியுடன் இணைக்கப்பட்டிருப்பதும் வலையமைப்புத்தான். ஒரே வீட்டுக்குள் அல்லது ஒரே கட்டடத்துக்குள் அடங்குவதை இடத்துரி வலையமைப்பு என்கிறோம். அதற்குள் கருவிகளை இணைக்கும் பெட்டிக்கு ஆளி, அதாவது சுவிட்ச், என்று பெயர். அந்த வலையமைப்பை வெளியுலகத்தோடு இணைக்கும் பெட்டி ரவுட்டர். பாடநூல்கள் அதனை வழிப்படுத்தி என்று எழுதும். வீட்டுக்கு வாங்கும் சிறிய ரவுட்டருக்குள் ஆளியும் வைஃபை பரப்பும் கருவியும் சேர்ந்தே இருப்பதால், மூன்றும் ஒன்று என்ற மயக்கம் மாணவர்களுக்கு வருவது இயல்பு. இப்படிப்பட்ட எண்ணற்ற வலையமைப்புகள் தமக்குள் இணைந்து உருவான பெரும் வலையமைப்பே இணையம். வைஃபை என்பது இணையம் அன்று. அது ரவுட்டருக்கும் தொலைபேசிக்கும் இடையிலான சில மீற்றர் வானொலித் தொடர்பு மட்டுமே. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், பின்னர் வரும் பல குழப்பங்கள் நேரவே மாட்டா.

வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி ஒன்று வேண்டும். நீண்ட காலமாக வழக்கில் உள்ள நான்காம் பதிப்பின்படி அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். உங்கள் வீட்டு ரவுட்டரில் இணைந்த தொலைபேசியின் முகவரியைத் திறந்து பார்த்தால் 192.168.1.5 என்பது போன்ற ஒன்று தெரியும். பக்கத்து லயத்தில் வேறொரு ரவுட்டரில் இணைந்திருக்கும் தொலைபேசிக்கும் இதே 192.168.1.5 என்ற முகவரி இருக்கக்கூடும். நுவரெலியாவில் ஒருவருக்கும், யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும், பிரேசில் நாட்டில் ஒருவருக்கும் இருக்கக்கூடும். 192.168 என்று தொடங்குபவையும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் தனியார் முகவரிகள் என ஒதுக்கப்பட்டவை. அவற்றை யாரும் தமது வலையமைப்புக்குள் பயன்படுத்தலாம், ஆனால் வெளி இணையத்தில் அவை செல்லுபடியாகா. லயத்தில் மூன்றாம் காம்பரா என்றால் தோட்டத்துக்குள் எல்லோருக்கும் விளங்கும். அதை மட்டும் எழுதிக் கொழும்பிலிருந்து கடிதம் போட்டால் வந்து சேராது அல்லவா? அது போன்றதுதான் இதுவும்.

அப்படியானால் வெளியிலிருந்து வரும் விடை அந்தக் காம்பராவை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? இங்கேதான் ரவுட்டர் தோட்ட அலுவலகத்தின் வேலையைச் செய்கிறது. இணைய சேவை வழங்குநர் உங்கள் ரவுட்டருக்கு வெளியுலக முகவரி ஒன்றைக் கொடுத்திருப்பார். உங்கள் தொலைபேசி ஒரு வேண்டுகோளை அனுப்பும்போது, ரவுட்டர் அதன் அனுப்புநர் முகவரியை அழித்து, அந்த இடத்தில் தனது முகவரியை எழுதி வெளியே அனுப்புகிறது. அனுப்புவதற்கு முன், எந்தக் கருவி எந்தத் துறையிலிருந்து அனுப்பியது என்பதைத் தனது அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. துறை என்பது போர்ட். ஒரே முகவரிக்குள் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிவதற்கான எண். அது 65,535 வரை இருக்கலாம். விடை வந்ததும் ரவுட்டர் அட்டவணையைப் பார்த்து, இது அக்காவின் தொலைபேசிக்கு, இது தம்பியின் மடிக்கணினிக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு வலையமைப்பு முகவரி பெயர்ப்பு என்று பெயர். நாட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாமல் போகிறது. அந்த இடமே கற்பவர் கவனிக்க வேண்டிய இடம். தோட்ட அலுவலகத்துக்கு, யாரும் கேட்காமலே ஒரு கடிதம் வந்தாலும் உறையில் பெயர் இருப்பதால் அது எப்படியாவது உரியவரைத் தேடிப் போகலாம். ரவுட்டருக்கு யாருடைய பெயரும் தெரியாது. உள்ளேயிருந்து முதலில் யார் எழுதினார் என்ற குறிப்பு மட்டுமே அதனிடம் உண்டு. எனவே கேட்டதற்கு வரும் விடை உள்ளே போகும். கேட்காமல் வருவது வாசலிலேயே கைவிடப்படும். வீட்டில் பொருத்திய கண்காணிப்புக் கமராவைக் கொழும்பில் வேலை செய்யும் மகன் நேரடியாகத் திறந்து பார்க்க முடியாமல் இருப்பது இதனால்தான். இந்தத் துறைக்கு வருவனவற்றை இந்தக் கருவிக்குக் கொடு என்று ரவுட்டரில் நிரந்தரக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்; இல்லையேல் கமராவே வெளியிலுள்ள ஒரு சேவையகத்தோடு, அதாவது சேர்வரோடு, முதலில் தொடர்பு ஏற்படுத்த வேண்டும். இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலான கமராக்கள் இரண்டாவது வழியையே பின்பற்றுகின்றன.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று கேட்பது நியாயமானது. நான்காம் பதிப்பு முகவரிகள் 32 பிட்டுகளால், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களால், ஆனவை. ஆகவே அவற்றின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவரிடமே இரண்டு மூன்று கருவிகள் இருக்கின்றன. பகிர்ந்தளிக்கக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் உலகின் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. அதன் பின் தொலைபேசி நிறுவனங்கள் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி என்பதைக்கூடக் கைவிட்டு, பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரியின் பின்னால் வைக்கும் முறையைப் பரவலாகக் கையாளத் தொடங்கின. அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன. உங்கள் கைத்தொலைபேசியின் டேட்டா இணைப்பில் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கும் முகவரி தென்பட்டால், நீங்கள் முன்பின் அறியாத பலரோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அவர்களில் ஒருவர் ஏதேனும் தளத்தில் தகாத வேலை செய்து, அத்தளம் அந்த முகவரியைத் தடை செய்தால், ஒரு பாவமும் அறியாத நீங்களும் தடைபடலாம். முகவரி இல்லாதவர் படும் சங்கடம் காகிதத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதுண்டு.

ஐ.பி. முகவரியோடு மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று மாக் முகவரி. இது கருவியின் வலையமைப்புப் பகுதிக்குத் தொழிற்சாலையிலேயே இடப்படும் அடையாளம். 0 முதல் 9 வரையான இலக்கங்களையும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளையும் கொண்ட 12 இடங்களால் எழுதப்படுவது. நமது புதிய தேசிய அடையாள அட்டையின் எண்ணும் 12 இலக்கங்கள் கொண்டது என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது எளிது. ஒருவர் பொகவந்தலாவையிலிருந்து பண்டாரவளைக்குக் குடிபெயர்ந்தால் முகவரி மாறும், அடையாள அட்டை எண் மாறாது. அவ்வாறே தொலைபேசி வேறொரு வைஃபையில் இணையும்போது ஐ.பி. முகவரி மாறும், தொழிற்சாலையில் இட்ட மாக் முகவரி மாறாது. (அண்மைக்காலத் தொலைபேசிகள், பயனரைப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு மாக் முகவரியைக் காட்டுவதுண்டு.) புதிதாக வந்த கருவிக்கு ஐ.பி. முகவரியை வழங்கும் பொறுப்பும் பொதுவாக ரவுட்டருடையதே. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுத்து, கருவி போன பின் திரும்ப எடுத்து வேறொன்றுக்குக் கொடுக்கும்.

இனி, அனுப்பப்படும் பொருளைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பும் படம் ஒரே துண்டாகப் போவதில்லை. அது பொதிகளாக உடைக்கப்படுகிறது. ஒரு பொதியின் அளவு வழக்கமாக 1500 பைட்டுக்கு மேற்படாது. ஆகவே 3 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படம் ஏறத்தாழ 2000 பொதிகளாகப் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் ஆகியன எழுதப்பட்டிருக்கும். பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசி முடிக்கும் வரை ஒரு பாதை முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர்கள் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதையை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. 1960களில் அமெரிக்காவில் போல் பாரனும் பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே, செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒரே பாதையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை முன்வைத்தார்கள். பொதி என்று பொருள்படும் பெயரை அந்தத் துண்டுக்கு இட்டவர் டேவிஸ். இம்முறையில் அமைந்த ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் முதற் செய்தி 1969 ஒக்டோபர் 29 ஆம் திகதி அனுப்பப்பட்டது.

பொதிகள் வழி கண்டுபிடிக்கும் விதத்தை, மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் போன எவராலும் விளங்கிக்கொள்ள முடியும். அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக ஒரு பாதை. கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக இன்னொரு பாதை. ஒன்றில் மண்சரிவு ஏற்பட்டால் மற்றதால் போகிறோம். இணையத்தில் இரு முனைகளுக்கும் இடையே பல ரவுட்டர்கள் சந்திகளைப் போல நிற்கின்றன. எந்த ரவுட்டருக்கும் முழுப் பயணமும் தெரியாது. இந்த முகவரிக்குரிய பொதியை அடுத்து எந்தத் திசையில் தள்ள வேண்டும் என்பது மட்டுமே தெரியும். அவை தமக்குள் பாதைச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டே இருப்பதால், ஒரு பாதை அறுந்தால் சிறிது நேரத்தில் மாற்றுப் பாதை வழக்குக்கு வந்துவிடும். மாற்றுப் பாதை என்ற ஒன்று இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே கம்பியால் அல்லது ஒரே கோபுரத்தால் மட்டும் இணைக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு, அது அறுந்தவுடன் முற்றாகத் துண்டிக்கப்படுகிறது. எவ்வளவு அறிவார்ந்த ரவுட்டராலும் இல்லாத பாதையை உண்டாக்க முடியாது. வழி தவறிய பொதி முடிவின்றிச் சுற்றாமலிருக்கவும் ஓர் ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு பொதியும் ஓர் எண்ணைச் சுமந்து செல்லும், ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூச்சியமானதும் பொதி கைவிடப்படும்.

பொதிகள் முன்பின்னாக வரலாம், சில தொலைந்தும் போகலாம். எனவே இரு முனைகளும் ஒழுகவேண்டிய விதிகள் தேவை. அவ்விதிகளின் தொகுதியே நெறிமுறை, அதாவது புரோட்டோகோல். வின்ட் சேர்ஃப், பொப் கான் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த டி.சி.பி., ஐ.பி. ஆகிய நெறிமுறைகளுக்கு ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 ஆம் திகதி மாறியது. இன்றைய இணையமும் அவற்றின் மேலேயே நிற்கிறது. ஐ.பி. முகவரியைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்க முயலும், உத்தரவாதம் தராது. டி.சி.பி. வரிசை எண்களைச் சரிபார்த்து, வராத பொதியைத் திரும்பக் கேட்டு வாங்கும். பதிவுத் தபாலில் கையொப்பம் வாங்குவது போன்றது இது. நேரடிக் குரல் அழைப்புக்கு இந்த நிதானம் ஒத்துவராது. தொலைந்துபோன ஒரு சொல்லை இரண்டு விநாடி கழித்துக் கொண்டுவந்து கொடுப்பதில் பயனில்லை. அதனால் குரலும் நேரலைக் காட்சியும் பெரும்பாலும் யு.டி.பி. என்ற, திரும்பக் கேட்காத நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. மத்திய கிழக்கிலிருந்து அம்மா பேசும்போது குரல் இடையிடையே வெட்டுப்படுவது அந்தத் தொலைந்த பொதிகளே.

எண்களை மனிதர்கள் நினைவில் வைத்திருப்பது கடினம். ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பேணிய ஒரே கோப்பில் இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அது கட்டுப்படியாகவில்லை. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஆள்களப் பெயர் முறைமை, டி.என்.எஸ்., அந்தப் பொறுப்பைப் படிநிலைகளாகப் பிரித்தது. நீங்கள் எல்.கே. என்று முடியும் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது, இலங்கைக்குரிய பெயர்களை வைத்திருக்கும் சேவையகத்திடம் கேட்டு, அங்கிருந்து அந்தத் தளத்துக்குரிய சேவையகத்திடம் கேட்டு, இறுதியில் எண் முகவரி பெறப்படுகிறது. 2010 இல் நமது நாட்டுக்கு .இலங்கை என்ற ஆள்களப் பெயர் தமிழ் எழுத்திலேயே கிடைத்தது; இதைப் பயன்படுத்துவோர் இன்னும் பெருக வேண்டும் என்பது என் விருப்பம்.

வேகம் என்று பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. மலை மேலுள்ள ஊற்றிலிருந்து லயத்துப் பீலிக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று கொள்வோம். குழாய் அகலமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் அதிக குடங்கள் நிறையும். அது பட்டை அகலம். மேலே திறந்த பிறகு முதல் துளி கீழே வந்து சேரச் செல்லும் நேரம் வேறு, அது தாமதம். குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் ஊற்று அருகில் வந்துவிடாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2700 கிலோமீற்றர். எனவே ஒரு கேள்வி போய் விடை வர 27 மில்லிவிநாடியாவது வேண்டும். கடலடிக் கேபிள் வளைந்து செல்வதால் உண்மையில் இதைவிடக் கூடும். புவியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகப் போனால், ஒரு வழிக்கே ஏறத்தாழ கால் விநாடி ஆகிவிடும். கோப்பு இறக்குவதற்குப் பட்டை அகலம் முக்கியம்; நேரலை வகுப்பில் ஆசிரியரின் கேள்விக்கு உடன் விடை சொல்வதற்குத் தாமதம் குறைவாக இருப்பதே முக்கியம். இன்னொரு குறிப்பு: நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, கோப்பின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. 8 பிட்டுகள் சேர்ந்ததே 1 பைட். ஆகவே விநாடிக்கு 8 மெகாபிட் என்ற இணைப்பில் 600 மெகாபைட் காணொளியை இறக்கக் குறைந்தது 10 நிமிடமாகும்.

2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் தொலைபேசிக்குள் வந்தபோது, நமது பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றுகளில் ஏறியதை எல்லோரும் பார்த்தோம். வானொலி அலைகளுக்கு மலை ஒரு சுவர். கோபுரத்துக்கும் தொலைபேசிக்கும் இடையே மலைமுகடு நின்றால், அலையில் மிகச் சிறிய பங்கே பள்ளத்துக்கு வந்து சேரும். உயரம் ஏறினால் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, சிக்னலும் கிடைக்கிறது. ஆனால் உச்சியில் முழுக் கோடுகளும் காட்டியும் வகுப்பு திறக்காத நாட்கள் இருந்தனவே, அது ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்தக் கோடுகள் தொலைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. கோபுரத்திலிருந்து அப்பால் செல்லும் இணைப்பு நிரம்பி வழிந்தாலோ, ஒரே கோபுரத்தைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தினாலோ, மறுமுனையிலுள்ள சேவையகம் திணறினாலோ, கோடுகள் குறையா, பக்கமும் திறக்காது. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலையில் நிகழ்வது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதே.

எனவே இணைப்புத் தடைப்பட்டால், அருகிலிருந்து தொலைவு நோக்கிப் படிப்படியாகப் பார்ப்பதே முறை. முதலில் ரவுட்டரின் உள் முகவரியை, வழக்கமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதை, பிங் செய்து பாருங்கள். பிங் என்பது மறுமுனைக்குச் சிறு பொதியொன்றை அனுப்பி, விடை வரும் நேரத்தை அளக்கும் கட்டளை. விடை வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வைஃபையையும் கம்பியையும் பாருங்கள். விடை வந்தால் 8.8.8.8 என்ற, கூகுள் நடத்தும் பொது முகவரியைப் பிங் செய்யுங்கள். அதற்கும் விடை வந்து, தளத்தின் பெயரைத் தட்டும்போது மட்டும் திறக்கவில்லையென்றால், டி.என்.எஸ்.ஸில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தினுடையது. ரவுட்டரை நிறுத்தித் திரும்பத் திரும்ப இயக்குவதால் பயனில்லை.

முகவரித் தட்டுப்பாட்டுக்கு விடையாக வந்தது ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதன் முகவரி 128 பிட்டுகள் நீளமானது. சாத்தியமான முகவரிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். ஒவ்வொரு தொலைபேசிக்கும், ஒவ்வொரு கமராவுக்கும், யாருடைய பின்னாலும் மறைந்து நிற்காத சொந்த முகவரியை அதனால் கொடுக்க முடியும். வெளியிலிருந்து வரும் வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் வேலையைத் தீச்சுவர் என்ற தனி ஏற்பாடு செய்துகொள்ளும். இரண்டு பதிப்புகளும் இப்போது அருகருகே இயங்குகின்றன. உங்கள் தொலைபேசியின் அமைப்புகளில், கருவியைப் பற்றிய பக்கத்தில், ஐ.பி. முகவரி என்ற வரியைத் திறந்து பாருங்கள். புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள் மட்டும் இருந்து, அவை 10 என்றோ 100.64 முதல் 100.127 வரையிலோ 192.168 என்றோ தொடங்கினால், அது காம்பரா இலக்கம். முக்காற்புள்ளிகளால் பிரிந்த நீண்ட வரியொன்று இருந்து, அது எஃப்.ஈ.80 என்று தொடங்கினால், அதுவும் அந்த இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாவது. அந்த வரி 2 என்ற இலக்கத்தில் தொடங்கினால், அது உங்கள் கருவிக்கென்றே உரிய, உலகின் எந்த மூலையிலிருந்தும் எழுதக்கூடிய முகவரி.